நானூறு சொல், வெள்ளிக்குள்

மாசி பிறந்து ஆறு நாள்.
கடற்காற்று இன்னும் ஈரச் சாக்கு மணக்கிறது.
மதில் பாசி பச்சை விட்டுக் கறுக்கத் தொடங்க,
மாமரம் மட்டும் அவசரக்காரி,
கொப்புக்குக் கொப்பு பூவைத் தள்ளிவிட்டு நிற்கிறாள்.
பனி விழுந்தால் பூ கருகும்,
அடியில் புகை போடுங்கள் என்று
போன ஞாயிறு ஊருக்கே எழுதினேன்.
என் மரத்துக்கு யார் போட்டது புகை?

கொழும்பிலிருந்து அருட்செல்வன் எடுத்தான்.
"அக்கா, இந்தக் கிழமை வசந்தம்.
நானூறு சொல், வெள்ளிக்குள்.
ஒரு படமும் வேணும்,
பனி உருகிற மாதிரி ஏதும்."
உவர்மலையில் பனி உருகுகிறதென்றால்
விடிய ஆறு மணிக்குத் தகரத்திலிருந்து சொட்டுமே,
அதுதான் தம்பி, என்றேன்.
சிரிக்கவில்லை. இன்னொரு அழைப்பில் இருந்தான்.

வசந்தம் என்று ஒரு சொல் எழுதி
அடித்து
இளவேனில் என்று எழுதி
அதையும் அடிக்கும்போது பள்ளிக்கூட ஆட்டோ வந்துவிட்டது.
பாலையூற்றில் தோட்டப் போட்டி. நான் நடுவர்.
முதலாம் பாத்தியில் கத்தரி நிமிர்ந்து நின்றது;
வேரைச் சுற்றிக் கறுப்புப் பொலித்தீன் எட்டிப் பார்த்தது.
நேற்று வாங்கி, நேற்று நட்டது.
காணாதவள் மாதிரி ஒன்பது புள்ளி போட்டேன்.
பிள்ளையின் நகத்துக்குள் மண் இருந்தது,
அதற்காக.

திரும்பும் வழியில் கிண்ணியாவிலிருந்து பரீனா:
வெண்டி இலை சுருளுதாம், என்ன அடிக்கிறதாம்.
வேப்பங்கொட்டை ஊறின தண்ணி,
ஒரு கரண்டி சவர்க்காரம், வெயில் தாழ அடியுங்கோ,
என்று சொல்லிக்கொண்டே இறங்கி
சொல்லிக்கொண்டே திறப்பைத் தேடி
சொல்லிக்கொண்டே உள்ளே போனதில்
கேற்றைச் சாத்தவில்லை.

மான்கள்.
கோட்டை வாசலில் படம் எடுக்க நிற்கும் அதே மான்கள்,
பஸ்ஸுக்கும் ஒதுங்காத புள்ளிக்காரர்,
குடும்பமாக வந்து
என் செவ்வந்தியை நிலமட்டத்துக்கு வழித்துவிட்டு
செவ்வரத்தைத் துளிரில் இருந்தன.
'வளவுக்குள் மான் வராமலிருக்க'
இரண்டு கிழமை தொடர் எழுதியவளின் வளவு இது.
செருப்பைக் கழற்றி எறிந்தேன்.
ஒன்று மணந்து பார்த்தது.

மேசைக்கு வந்தால் கடிதக் கட்டு.
தை மழையில் கூரை ஒழுகி
அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் ஊறிக் கிடந்த கட்டு.
பிரிக்க நேரமில்லை என்று தள்ளி வைத்த கட்டு.
அடியில் ஓர் உறை வீங்கியிருந்தது,
ஓரம் கிழிந்து வெள்ளையாய் ஒரு நூல் வெளியே.
இழுத்தேன். நூலில்லை. வேர்.

கார்த்திகையில் எழுதியிருக்கிறா,
தம்பலகாமத்துக் கனகாம்பிகை:
'எங்கட வளவுப் பாகல். கைப்புக் கூட.
மான் வாய் வைக்காது.
விரும்பினால் போடுங்கோ.'
ஏழு விதை. ஆறு அழுகிப் போச்சு.
ஏழாவது, வெளிச்சமே காணாமல்,
மஞ்சளாய் இரண்டு இலை மடித்துக்கொண்டு
அவவின் கையெழுத்தில் ஒட்டிப் பிடித்திருந்தது.
'போடுங்கோ' என்ற சொல் இலையில் பதிந்திருந்தது,
தலைகீழாய்.

நானூறில் இருநூற்றுப் பதினொன்று எழுதியிருந்தேன்.
எழும்பிவிட்டேன்.
கைபேசி வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு
கிணற்றடியில் ஒரு சாண் கிண்டினேன்.
மேல்மண் காய்ந்து பொருக்கு விட்டிருந்தது;
விரல் இறங்க இறங்க
மாரி இன்னும் உள்ளே இருந்தது, குளிர்ந்து.
கடிதத்தோடேயே வைத்தேன்.
பிரித்தால் வேர் அறும்.
சிரட்டை கவிழ்த்து, எடுத்து,
மூச்சு விடட்டும் என்று பாதி சரித்து வைத்தேன்.
எத்தனை நேரம் அங்கே குந்தியிருந்தேனோ.
கடலில் ஒரு வள்ளத்து இயந்திரம்
போய், அடங்கி, திரும்பியும் வந்தது.
மாரி முழுக்கக் கேட்காத சத்தம்.

"அக்கா, கட்டுரை வந்திட்டுது.
முடிவைக் காணேல்லையே?"
"இப்பதான் தம்பி, இரண்டு இலை."
"என்ன?"

கேற்றுக்கு வெளியே ஒரு கிளைக்கொம்பன்
என் செவ்வந்தியின் மிச்சத்தை
மென்றுகொண்டு நின்றது,
ஒரு அவசரமும் இல்லாமல்.